ஷாலுக்டாங்காவின் பச்சை

மூன்று டீ, சார். அன்று காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். மண்குவளையில் மூன்று டீ, ஒரு பிஸ்கட். விசாரணைக்கு வந்த இந்தப் பத்து நாளில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் மீதியையும் உங்களிடமே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"வாயால சொன்னா எனக்கு நிக்காதும்மா. தமிழ்லயே எழுதிக் கொடு, நான் மொழிபெயர்த்துக்கறேன்" என்று காகிதத்தைத் தள்ளிவிட்டு, கமிட்டியின் மற்ற இருவரோடும் சாப்பிடப் போய்விட்டீர்கள். அலிப்பூரில், ஒரு அரசு அலுவலகத்தில், சுந்தரராஜன் என்ற பெயரில் ஒரு விசாரணை அதிகாரி இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வங்காளம்தான் நாக்கில் வரும். தமிழை அப்பாவிடம் பேசியும், கதைப் புத்தகங்கள் படித்தும்தான் வைத்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுந்து போனபோது உங்கள் குறிப்பு மேசையிலேயே இருந்தது. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. "தீப்தி பத்மநாபன், வயது 28. வேலைப்பளு, தூக்கமின்மை. அவசரத்தில் நேர்ந்த பிழை." பெயரும் வயதும் சரி. கடைசி வரி சரியில்லை. தவறான பதிவு ஒன்று கண்ணில் பட்டால் அதைத் திருத்தாமல் என்னால் உட்கார முடியாது. தொழில் அப்படிப் பழக்கிவிட்டது.

எங்கள் அலுவலகம் கரியாஹாட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேலே. ஆறு பேர். அரசுத் துறைகளின் எண்களை வாங்கிச் சுத்தம் செய்து, மக்கள் தங்கள் ஃபோனிலேயே பார்த்துப் புரிந்துகொள்ளும்படி வரைபடமாகவும் வண்ணப் பட்டைகளாகவும் போட்டுத் தருவோம். அதற்கு டேஷ்போர்டு என்று பெயர். காய்ச்சல் டேஷ்போர்டு வேலை செப்டம்பரில் வந்தது. நாற்பது பகுதிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் பச்சை. எண் ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் முதலாளி ஸ்ரீநாத் துறை அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்தார்.

"திங்கக்கிழமை நாலு மணிக்குத் திறப்பு விழா."

"எந்தத் திங்கள்?"

"வர்ற திங்கள். பூஜைப் பண்டிகைக்கு முன்னாடி வேணுமாம்."

"ஆறு வாரம் ஆகும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆறு வாரம்னு எழுதினா மூணு வாரம் தருவாங்கன்னு நினைச்சேன். மூணு நாள் தந்திருக்காங்க. நான் எப்பவுமே கணக்குல வீக், தீப்தி."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சனியும் ஞாயிறும் எண்களைச் சுத்தம் செய்வதிலேயே போயின. சில பகுதிகள் எக்செல் கோப்பு அனுப்பின. சில, படிவத்தை அச்சடித்து, கையால் நிரப்பி, அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பின. ஒரே ஊரின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. சிலர் வங்காள எண்களில் எழுதியிருந்தார்கள். வங்காள நான்கு பார்ப்பதற்கு ஆங்கில எட்டு மாதிரியே இருக்கும். அங்கே ஏழு என்பது இங்கே ஒன்பது மாதிரி. எண்பத்திரண்டு என்று ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த ஒரு பகுதியை நான் கண்டுபிடித்து இருபத்தொன்று என்று திருத்தினேன். நாற்பத்திரண்டைத் தப்பாகப் படித்தது மட்டுமல்ல, ஒரே பக்கத்தை இரண்டு முறை வேறு கூட்டியிருந்தார்கள். நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஞாயிறு மாலை நான் கணினியை மூடியபோது முப்பத்துமூன்று பகுதிகள் தயார். ஏழு வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தகவல் வராத இடத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டுவோம். பச்சை என்றால் அங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. சாம்பல் என்றால் எங்களுக்குத் தெரியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருவது நான்தான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் படிவம் நிரப்பப் பயிற்சி கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னேன். முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். "யாருக்கும் இல்லைன்னா பூஜ்யம் போடணும். தெரியலைன்னா காலியா விட்டுடணும். ரெண்டையும் கலக்கக் கூடாது. அப்படித்தானே?" அவள்தான் மௌசுமி. ஷாலுக்டாங்காவிலிருந்து வந்திருந்தாள். கிழக்கே, கால்வாயைத் தாண்டினால் வரும் ஊர் அது. பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்து எனக்கு இரண்டு கொடுத்தாள். நான் அவளை மௌசுமி தி என்று, அக்கா முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் என்னை ஷோனா, அதாவது தங்கமே, என்பாள். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன்.

திங்கள் காலை பத்து மணிக்குத் துறையின் அதிகாரி ஒருவர் கூப்பிட்டார். ஸ்ரீநாத் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இதென்ன சாம்பல்? வீடு எரிஞ்சு போன மாதிரி ஏழு இடம்?"

"அங்கிருந்து ரிப்போர்ட் வரலை, சார்."

"வரலைன்னா அங்க கேஸ் இல்லைன்னு அர்த்தம். இருந்தா எழுதியிருக்க மாட்டாங்களா? மேடையில பெரிய திரை வெச்சிருக்கோம். அதுல சாம்பல் வேண்டாம்."

ஃபோனை வைத்த பிறகு ஸ்ரீநாத் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "ஏதாவது செய், தீப்தி. என்ன செய்யறேன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம்."

பூஜ்யம் போடச் சொல்லவில்லை என்று அவர் உங்களிடம் சொன்னது உண்மை. இதுவரைக்கும் உங்கள் கமிட்டிக்குத் தெரியும். ஏழு காலிக் கட்டங்கள், களைத்துப் போன ஒரு பெண், ஏழு பூஜ்யங்கள். நீங்கள் மூவரும் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்கூட இருந்தது.

நான் அந்த ஏழு இடங்களுக்கும் ஃபோன் செய்தேன், சார். இரண்டில் யாரும் எடுக்கவில்லை. நான்கில் எடுத்தார்கள், மூன்று, இரண்டு, ஐந்து, ஒன்று என்று வாயாலேயே எண் சொன்னார்கள். குறித்துக்கொண்டேன். கடைசியாகக் கூப்பிட்டது மௌசுமியை. அப்போது பதினொன்றே முக்கால்.

"ஃபார்ம் எங்க, மௌசுமி தி?"

"யார் போடறது, ஷோனா? எனக்கே அஞ்சு நாளா காய்ச்சல். கூட வேலை பாக்கற ரெண்டு பேரும் படுத்தாச்சு. கம்ப்யூட்டர் இருக்கற ரூம்ல முழங்கால் தண்ணி, மீன் விடலாம்." சிரித்தாள், அது இருமலில் போய் முடிந்தது. "ரெஜிஸ்டர் எங்கிட்ட இருக்கு. படம் எடுத்து அனுப்பறேன். பாத்து எழுது. என் நாலு உனக்கு எட்டாட்டம் தெரியும்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"இங்க ஏது டாக்டர்? அதான் வண்டி வருமே. எண்ணைச் சரியாக் கொடுத்தா வண்டி தானா வரும்னு டிரெய்னிங்ல நீதானே சொன்ன."

பன்னிரண்டு பத்துக்குப் படம் வந்தது. இரண்டு பக்கம். கோடு போட்ட நோட்டு, நீல மை. ஒரு மூலையில் தண்ணீர் பட்டு ஊறியிருந்தது; ஆனாலும் எல்லாப் பெயரும் படிக்க முடிந்தது. மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தொன்று.

ஆக, ஷாலுக்டாங்கா காலிக் கட்டம் இல்லை. உங்கள் குறிப்பில் இதைத்தான் திருத்த வேண்டும்.

நாற்பத்தொன்றை முதலில் போட்டுப் பார்த்தேன். மற்ற இடங்களில் அதிகபட்சம் இருபத்துமூன்று. திடீரென்று ஒரு நாற்பத்தொன்று வந்தால் வண்ண அளவு முழுதும் இழுபட்டுப் போகும். ஷாலுக்டாங்கா மட்டும் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் நின்றது. மீதி வரைபடம் வெளுத்துப் போய், எங்கே அதிகம் எங்கே குறைவு என்றே தெரியவில்லை. அளவை மறுபடி பிரித்து, நிறங்களைச் சரிசெய்து, சோதித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். அதுபோக, பன்னிரண்டு மணிக்கு மேல் வருகிற எண்ணை ஏற்பதில்லை என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியது நான். படத்தில் மருத்துவ அலுவலரின் கையெழுத்தும் இல்லை. கையெழுத்தில்லாத பதினொரு படங்களை அதற்கு முன்பு ஏற்றுக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

இவையெல்லாம் காரணங்கள்தான். எந்தக் கூட்டத்திலும் இவற்றை எடுத்துச் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் நான் இவற்றைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

டேஷ்போர்டில் இரண்டாவது பக்கம் ஒன்று உண்டு. மக்கள் பார்ப்பதற்கு இல்லை, துறைக்கு மட்டும். எண்களின் வரிசைப்படி முதல் ஐந்து பகுதிகளின் பெயர் அதில் தானாக வரும். துறையிடம் இருப்பது ஐந்து வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், ரத்தம் பரிசோதிக்க ஒரு ஆள், குளுக்கோஸ் பாட்டில்கள், புகை அடிக்கும் இயந்திரம். அடுத்த பதினைந்து நாளுக்கு அந்த ஐந்து பகுதிகளுக்கு மட்டும் அவை போகும். ஆறாவதுக்கு ஒன்றுமில்லை.

நாற்பத்தொன்றைப் போட்டபோது ஷாலுக்டாங்கா முதலில் வந்தது. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ரயில் பாதையை ஒட்டியிருக்கும் பகுதி ஆறாவதாக இறங்கியது. அங்கே பதினோரு பேருக்குக் காய்ச்சல். அங்கேதான் எங்கள் வீடு.

என் அப்பா பத்மநாபன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவருக்கு டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாவது முறை வந்தால் சமாளிப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த வாரம் எங்களுக்குக் கீழ் வீட்டில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அன்று காலை நான் பஸ்ஸில் இருக்கும்போது அப்பா கூப்பிட்டார். "உடம்பு லேசா கதகதன்னு இருக்கு. ஒண்ணுமில்லம்மா, நேத்து வெயில்ல மார்க்கெட் போனேன். நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

நான் வேலையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்றைச் சேமித்தேன். பன்னிரண்டு முப்பத்தேழுக்கு அதை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தைச் சேமித்தேன். கோப்பின் பழைய பிரதிகளைத் திறந்தால் இரண்டும் இருக்கும். இந்தப் பத்து நாளில் யாரும் திறக்கவில்லை. நடுவில் இருந்த ஆறு நிமிடமும் நான் மௌசுமியை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். முப்பத்தாறு வயது, திடமான பெண், தாங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

மற்ற ஆறுக்கும் ஏன் பூஜ்யம் போட்டாய் என்று கேட்பீர்கள். அதில் நான்கின் எண்கள்தான் என் கையில் இருந்தனவே. ஒரு இடத்துக்கு மட்டும் செய்தால் ஏன் என்ற கேள்வி வரும். ஏழுக்கும் ஒரே மாதிரி செய்தால் அது ஒரு முறையாகிவிடும். அதிகம் போனால் ஒரு பிழை. நீங்களும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறீர்கள்.

நாலு மணிக்கு விழா. மடிக்கணினிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதைக் கத்தரித்தால்தான் மூடியைத் திறக்க முடியும். பெரிய திரையில் வரைபடம் விரிந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். மெல்லிய மஞ்சள், நடுவே கொஞ்சம் ஆரஞ்சு, கிழக்கே கால்வாய் ஓரத்தில் தளதளவென்று பச்சை. அழகாக இருந்தது, சார். அதைச் சொல்லாவிட்டால் இது முழுமையான வாக்குமூலம் ஆகாது. ஸ்ரீநாத் ஒரு சந்தேஷ் இனிப்பைப் பிட்டு எனக்குக் கொடுத்தார். "ஏழும் எப்படி நிரம்பிச்சுன்னு கேக்க மாட்டேன்" என்றார். "கேக்காதீங்க" என்றேன்.

புதன்கிழமை எங்கள் தெருவுக்கு வண்டி வந்தது. அப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, சளி. வீடெல்லாம் புகை அடித்தார்கள். "கர்ட்டன் பூரா நாத்தம். ரெண்டு தடவை தோய்ச்சாலும் போகாது. எந்த மடையன் இவங்களை இங்க அனுப்பினான்?" என்று அப்பா ஒரு வாரம் புலம்பிக்கொண்டிருந்தார். நான் கர்ட்டன்களைக் கழற்றி ஊறவைத்தேன்.

வியாழக்கிழமை மௌசுமியிடமிருந்து செய்தி வந்தது. "வண்டி வரலியே, ஷோனா. படம் கிடைச்சுதா?" நான் ஒரு கட்டைவிரல் குறி அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை இன்னொன்று: "எப்ப வரும்?" அதற்குப் பதில் போடவில்லை. மழை அளவையும் வரைபடத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள், அந்த வேலையில் இருந்தேன். அப்புறம் செய்தி வரவில்லை.

அடுத்த பட்டியல் வந்து, வண்டி கிளம்பி, ஷாலுக்டாங்காவைச் சேரப் பதினாறு நாள் ஆயிற்று. அதற்குள் இறந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான்காவது மௌசுமி. பதினோராவது நாள்.

அந்தப் பதினாறு நாளில் எந்த நாளிலும் நான் அந்தக் கட்டத்தைத் திறந்து எண்ணை மாற்றியிருக்கலாம். நான்கு நொடி வேலை. ஒவ்வொரு நாளும் காலையில் டேஷ்போர்டைத் திறந்து எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. ஒவ்வொரு நாளும் அந்தப் பச்சையைப் பார்த்தேன். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று புதன்கிழமையே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மாற்றவில்லை. மாற்றினால், ஏன் மாறியது என்று கேட்பார்கள். சோர்வாக இருந்தது. யாருக்காவது விளக்கம் சொல்வதை நினைத்தாலே படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவ்வளவுதான். இதைப் பிழை என்ற பத்தியில் வைக்காதீர்கள். என்ன தண்டனையோ அதை எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா?

வெளியே நடையில், பெஞ்சில் மௌசுமியின் கணவர் நிகில் உட்கார்ந்திருக்கிறார். புகார் கொடுத்தது அவர்தான். நான் காலையில் வந்தபோது எழுந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அவளுடைய ஃபோன். அதைத் திறக்க விரலால் போட வேண்டிய கோலம் அவருக்குத் தெரியாதாம். மூன்று கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டாராம்.

"திதி, நீங்கதானே அந்த மேப் போட்டவங்க? கடைசி வரைக்கும் அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்னு சொல்லிட்டே இருந்தா. உங்களுக்கு வந்துச்சா?"

உள்ளே சார் சொல்வார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். படம் வந்தது, பார்த்தார்கள், எண்ணினார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த மனிதர் எப்படித் தூங்குவார்? நெட்வொர்க் சரியில்லை, காய்ச்சல் மயக்கத்தில் அவள் அனுப்பியதாக நினைத்துக்கொண்டாள், பட்டனைச் சரியாக அழுத்தவில்லை என்று தெரிந்தால் காலப்போக்கில் ஆறிவிடும். இனி அவளுக்கு அதனால் ஒரு குறையும் வரப்போவதில்லை. எனக்கும் இதில் எந்த லாபமும் இல்லை. நான்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேனே. அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் கேட்கிறேன்.

நீங்கள் சாப்பிட்டுவிட்டு வரும்போது அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ஃபோனைத் திறந்து தரச் சொல்லி உங்களிடம் கேட்பார். அது வேண்டாம், சார். படம் எங்களுக்கு வரவே இல்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறீர்களா?